புத்தகத்துக்கு அடியில் வெற்றிலை

காளியண்ணன் என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பத்து வயது இருக்கும். புரட்டாசி மழையில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு சாமைக் காட்டில் குருவி விரட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ச் சரிவிலிருந்து என் பெரியப்பன் கத்தினார்: "ராமாயீ! காளியண்ணன் வந்துட்டான், உங்கொப்பன்கிட்டப் போய்ச் சொல்லு!" யாரோ விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "காளியண்ணன்னு ஒருத்தரு வந்திருக்காராம், சோறு கூட வெக்கணும்" என்றேன். என் அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. மூன்று பெண்களுக்குப் பிறகு பெரியப்பனுக்குப் பிறந்த பையன் அவன். பிறந்த நாழிகையிலேயே பெயரையும் வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை.

எங்கள் ஊர் மலை மேல் பெரக்கரை நாட்டில் இருக்கிறது. என் தாத்தனுக்கு ஐந்து ஆண்மக்கள். மூத்தவர் பெரியப்பன், மூன்றாமவர் என் அப்பன், கடைக்குட்டியின் மகன்தான் சின்னுசாமி. ஐந்து பேரும் தனித்தனி அடுப்பு வைத்தாலும் ஊத்துக்காடு மட்டும் பிரியவில்லை. அது ஒரு சரிவு. மேலே பாறைக்கு அடியில் ஊற்று இருக்கிறது, சித்திரையிலும் நிற்காது. கீழே அடுக்கடுக்காய் இருக்கிற நெல் வயலுக்கும் எங்கள் குடத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். பங்கு ஐந்து வீட்டுக்கும் உண்டு. ஆனால் அதைப் பற்றி வெளியாளிடம் பேசுகிற வாய் பெரிய வீட்டுக்கு மட்டும்தான். பெரிய வீடு ஒரு சொல் சொன்னால் நாலு வீடும் சொன்ன மாதிரி. பெரியப்பன் போன பிறகு அந்த வாய் காளியண்ணனுக்கு வந்தது.

அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வயது வந்ததும் போர்வெல் போடுகிற லாரியில் ஏறி நாலு வருஷம் வடக்கே எங்கெங்கோ திரிந்தான். எண்ணூறு அடி துளைத்தும் புழுதி மட்டும் வந்த ஊர்களைப் பற்றி வந்து சொல்லுவான். லாரியில் சும்மா இருக்கிற நேரத்தில் பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூட எழுத்துக் கூட்டிப் படிப்பானாம். அப்படிப் பிடித்ததுதான் படிப்பு. அவன் பெண்டாட்டி காமாலையில் போய்விட்டாள். ஒரே பெண் பூங்குழலி. அவளை முள்ளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்தான். அவளுக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது உண்டானதும், "எங்கிட்டயே இருக்கட்டும்" என்று அழைத்து வந்து வைத்துக்கொண்டான். அவள் படி இறங்கினால் இவன் முன்னால் இறங்கி நிற்பான். அவள் இருமினால் இவன் எழுந்து உட்காருவான்.

எங்கள் ஊரில் தகரம் வேய்ந்த ஒரு பகுதிநேர நூலகம் உண்டு. அதைப் பார்க்கிறவர் ஆரோக்கியராஜ். கீழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர், மலைக் குளிருக்கு நடுக்கோடையிலும் மப்ளர் கட்டுவார். அவர்தான் சனிக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டம் என்று ஆரம்பித்தார். ஒரே நாவலை எல்லாரும் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காளியண்ணன் உரக்க வாசிப்பான். நான் அப்படிக் கேட்டவள்தான். நர்சு மெர்சி வருவாள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் வருவார்கள். சின்னுசாமி மிக்சருக்காக வருவான்.

அந்தச் சமயத்தில்தான் செந்தில்நாதன் என்று ஒருவர் கீழேயிருந்து மலையேறி வந்தார். வெள்ளைக் கார். முதல் நாளே என்னை "அம்மாயி" என்று கூப்பிட்டார். சொந்தப் பேத்திகள்கூட அவ்வளவு குழைந்து கூப்பிட்டதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்கு ஊத்துக்காட்டில் சின்னச் சின்ன வீடுகள் கட்ட வேண்டும், நீண்ட குத்தகைக்கு வேண்டும் என்று காளியண்ணனைக் கேட்டார். காளியண்ணன் மூன்று முறை, "இல்லீங்க, அது ஊத்துங்க, குடுக்க முடியாதுங்க" என்றான். மூன்று முறையும் அவர் கோபப்படவில்லை. "சரிங்கண்ணே, அவசரமில்லீங்க" என்றார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த தேங்காய் பன் பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு நாள் பகலில் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்குப் போனாள் என்று கேட்டார். எனக்கு அது போதும், மூன்று தலைமுறை ஓட்டிவிட்டேன். பிறகு கேட்டார்:

"ஏனுங்க அம்மாயி, அந்தக் காலத்துல பத்திரம் கிடையாது, எழுத்துக் கிடையாது. பேசினது பேசினதுதான்னு எப்படி நம்புனீங்க?"

"எழுத்து எதுக்குங்க? வெத்தலை இருக்குதில்ல."

"வெத்தலையா?"

"ஒருத்தரு ஒண்ணு கேட்டு, அது பாக்கியா நிக்கிறப்ப, கேட்டவரு கையால நாலு பேரு முன்னாடி வெத்தலை பாக்கு வாங்கிட்டா முடிஞ்சுதுங்க. குடுத்த மாதிரி."

"வாங்கிட்டு, அப்புறம் மனசு மாறினா? திருப்பிக் குடுத்துட்டா?"

"ஐயோ, திருப்பவே கூடாதுங்க. திருப்பின ஊட்டுல ஒரு உசிரு போகும். எங்க மாமன் ஊட்டுல ஒருக்காத் திருப்பினாங்க, கன்னுக்குட்டி மாதிரி இருந்த பையன் மூணாம் நாள் கிணத்துல கிடந்தான்."

அவர் பன் பையை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார். நான் பெருமையாகத்தான் இருந்தேன்.

அடுத்த வாரம் ஊத்துக்காட்டில் நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய முளைகள் அடித்திருந்தன. யார் அடித்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. சின்னுசாமி இரண்டைப் பிடுங்கி அடுப்பில் வைத்தான். மறுநாள் அந்த இரண்டும் அதே இடத்தில் புதிதாக நின்றன.

அதே வாரம் செந்தில்நாதன் நூலகத்துக்கு ஒரு நாவலைப் பன்னிரண்டு பிரதி வாங்கிக் கொடுத்தார். ஆரோக்கியராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாவலைக் காளியண்ணன் மூன்று சனிக்கிழமை வாசித்தான். கதை இதுதான். ஒரு நகரம். அங்கே அரசாங்கம் யாரையும் அடிக்காது, யாரையும் பிடித்துக்கொண்டு போகாது. வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். உங்கள் வீட்டில் ஒரு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று மரியாதையாக எழுதியிருக்கும். ஜனங்களும் அடைப்பார்கள். அடைத்த வீட்டுக்கு ஒரு விளக்கு இனாம். கடைசியில் ஒரு கிழவன், மிச்சமிருந்த கடைசி ஜன்னலுக்கு உள்ளே நின்றுகொண்டு தானே கல் வைக்கிறான். கடைசிக் கல் வைக்கிறபோது வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டுகிறார்கள். அந்த இடத்தை வாசித்தபோது காளியண்ணன் குரல் இறங்கிவிட்டது.

நாலாவது சனிக்கிழமை அதைப் பற்றிப் பேசுகிற கூட்டம். மணி ஐந்துக்கே மூடுபனி இறங்கிவிட்டது. சில்வர் ஓக் மரங்களின் மேல்பாதியைக் காணோம். கரண்டு வந்து வந்து போயிற்று. இருபது பேர் இருப்போம். செந்தில்நாதன் பின்வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய தாம்பாளங்கள் இருந்தன. பழமாயிருக்கும், சால்வையாயிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆரோக்கியராஜ் ஆரம்பித்தார். "இந்த நாவல்ல வர்ற மாதிரி நடக்குமா நடக்காதா? யாராச்சும் சொல்லுங்க."

சின்னுசாமி எழுந்தான். "சார், எங்க பழைய ஊட்டுல ஜன்னலே கிடையாதுங்க. எங்ககிட்ட வந்து அந்த அரசாங்கம் என்னத்த அடைக்கும்?"

சிரிப்பு எழுந்தது. மெர்சி சொன்னாள்: "சிரிக்காதீங்கண்ணே. நான் வேலைக்குச் சேந்தப்ப ஒரே ஒரு ஃபாரம்தான் குடுத்தாங்க. இப்பப் பதினாலு. நானும் ஒவ்வொண்ணுக்கும் 'சரி, இது ஒண்ணுதானே'ன்னுதான் சொன்னேன்."

"அப்ப உன் ஆபீசுல ஜன்னல் எத்தன கண்ணு மிச்சம்?" என்று நான் கேட்டேன்.

"வெண்டிலேட்டர்தான் ஆயா இருக்குது."

ஒரு வாத்தியார் அந்தக் கிழவன் முட்டாள் என்றார். கடைசி ஜன்னலுக்கு அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, சும்மா உட்கார்ந்திருக்கலாமே என்றார்.

காளியண்ணன் அதுவரை புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். இப்போது எழுந்தான்.

"முட்டாள் இல்லீங்க சார். அந்தாளு மொதக் கடுதாசிக்கு 'சரி'ன்னு சொல்லிட்டான். சொன்ன சொல்லு அவனப் புடிச்சிக்கிச்சு. வெளியாளுக்கு அது முட்டாத்தனமாத் தெரியும். உள்ள இருக்கிறவனுக்கு வேற வழி தெரியாதுங்க."

"அப்ப நீங்களும் கல்லு வெப்பீங்களாண்ணே?" என்று மெர்சி கேட்டாள்.

"நான் மொதக் கடுதாசியவே வாங்க மாட்டேன் தாயி. வாங்கினாத்தான வினை."

எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் செந்தில்நாதனும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினார்.

கடைசியில் மரியாதை செய்கிற நேரம். மூன்று வாரம் வாசித்தவருக்கு முதல் மரியாதை என்று ஆரோக்கியராஜ் காளியண்ணனைக் கூப்பிட்டார். அவர்தான் தட்டை எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. எடுக்கவும் குனிந்தார். "நான் குடுக்கறேன் சார், புத்தகம் வாங்கினவன் நான்தானே" என்று சிரித்துக்கொண்டே செந்தில்நாதன் தட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். துணியை எடுத்தார். தட்டு நிறைய ஒரு புதுப் புத்தகம், பெரியது, நல்ல அட்டை. காளியண்ணன் கண் அந்த அட்டையை விட்டு நகரவில்லை. புத்தகம் என்றால் அவனுக்கு அப்படி. அட்டையின் ஓரத்தில் பச்சையாய்க் காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். "காளியண்ணா" என்று கூப்பிட்டேன். கைதட்டலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிவிட்டான்.

செந்தில்நாதன் தட்டிலிருந்து கையை எடுக்காமலே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அண்ணே, நம்ம பேச்சு இன்னியோட முடிஞ்சுதுங்களே?"

புத்தகம் சரிந்தது. அடியில் வெற்றிலையும் கொட்டைப்பாக்கும். கீழ்நாட்டுக்காரர்கள் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விழா முடிவில் வெற்றிலை கொடுப்பது வழக்கம்தானே. மலைக்காரர்கள் ஆறேழு பேர் மட்டும் கையை மடியில் வைத்துவிட்டோம். சின்னுசாமியின் வாயில் மிக்சர் அப்படியே நின்றது. காளியண்ணன் தட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தட்டைக் கீழே வைக்கவில்லை.

திரும்பி நடந்தபோது பனியில் முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. சின்னுசாமி கத்திக்கொண்டே வந்தான்.

"கையெழுத்துப் போட்டியாண்ணா? இல்லையில்ல? அப்புறம் என்ன? அந்த இலைய ஆட்டுக்குப் போட்டுட்டுத் தட்ட அவன் கார் மேல வீசு!"

"ஆட்டுக்குப் போட்டா வாங்கினது இல்லைன்னு ஆயிடுமாடா?"

"அவன் ஏமாத்திக் குடுத்தான்."

"குடுத்தது ஏமாத்து. வாங்கினது என்ற கை."

வீட்டு வாசலில் பூங்குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாம் மாதம். "என்னப்பா தட்டு?" என்றாள். அவன் துணியை இழுத்து மூடினான்.

மறுநாள் காலையில் நான் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வெத்தலை வழக்கத்த அந்தாளுகிட்ட நான்தான் சொன்னேன் சாமி. என்ற வாயிலதான் வந்துச்சு. நானே கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறேன். சாவு வாரதுன்னா எனக்கு வரட்டும், எழுபது ஆச்சு."

"வாங்கினவந்தான் திருப்பணும்க்கா. சாவு வாங்கினவன் ஊட்டுக்குத்தான் வரும். என்ற ஊட்டுல யாரு இருக்கா, நானும் அவளும்தான். எனக்குத்தான் வரும்னா இன்னிக்கே திருப்பிடுவேன். அது ஆள் பாத்தா வருது?" நான் கண்ணைத் துடைக்கிறதைப் பார்த்து, "நீ சொன்னது பொய்யில்லையே, அப்புறம் எதுக்கு அழுவுற?" என்றான்.

ஆரோக்கியராஜ் ஓடி வந்தார். மப்ளர் கூடக் கட்டவில்லை. "அண்ணே, தட்டு வாங்கி வெச்சது நான்தாங்க. வெத்தலை வெச்சா மரியாதைன்னு அவருதான் சொன்னாரு. நான் போய்ப் பேசறேன், போலீசுக்குப் போலாம், கலெக்டருக்கு எழுதலாம்."

"என்னன்னு சார் எழுதுவீங்க? வெத்தலை குடுத்தாங்கன்னா?"

மெர்சியும் சொல்லிப் பார்த்தாள். "ஸ்கேன்ல புள்ள நல்லா இருக்குதுண்ணே. இலைக்கும் வயித்துக்கும் சம்பந்தமே கிடையாது. நான் எழுதி வேணாத் தரேன்."

"தெரியும் தாயி. எனக்கும் அது தெரியும். ஆனா ரெண்டு போச்சு."

அன்றைக்குச் சாயங்காலமே ஐந்து வீட்டு ஆண்களும் பெரிய வீட்டில் கூடினார்கள். ஒருவனும் உட்காரவில்லை. இரண்டாம் வீட்டுக்காரர் மட்டும், "பெரிய வீடு வாங்கிடுச்சு, அப்புறம் நமக்கு என்ன பேச்சு" என்றார். சின்னுசாமி, "உன் பொண்ணு வயித்துக்கு எங்க தண்ணியாண்ணா?" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே வாய் கோணிவிட்டது. உள்ளே பூங்குழலி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் வெளியே வந்து, "அப்பா, திருப்பிக் குடுத்துருங்க, எனக்குப் பயமில்லை" என்றாள். அவள் அப்படிச் சொல்கிறபோது இரண்டு கையும் வயிற்றின் மேல்தான் இருந்தன. காளியண்ணன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பெரிய வீடு குடுத்தது குடுத்ததுதான்" என்றான்.

செந்தில்நாதன் செவ்வாய்க்கிழமை காகிதத்தோடு வந்தார். நாலு வீடும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி அவர்களை யார் என்ன செய்ய முடியும்? ஆனால் போட்டார்கள். திட்டிக்கொண்டே, மண்ணை வாரித் தூற்றிக்கொண்டே, ஒவ்வொருவராகப் போட்டார்கள். பெரிய வீட்டுச் சொல்லை மீறினவன் என்று பிள்ளைகளுக்குப் பெண் கேட்டுப் போக முடியாதே. கடைசியாகச் சின்னுசாமி போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் ஓடையில் வீசினான்.

பூங்குழலிக்குச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். குழந்தைக்குக் குறை ஒன்றும் இல்லை. பெயர் வைக்கிற அன்று என்னைத் தவிர நாலு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வரவில்லை. நானும் மெர்சியும் ஆரோக்கியராஜும் போனோம். பன்னிரண்டு பேருக்கு வடித்த சோறு மிஞ்சியது. அந்த வாரமே குழந்தையோடு பூங்குழலி முள்ளுக்குறிச்சிக்குப் போய்விட்டாள். அவளைப் போகச் சொன்னது காளியண்ணன்தான்.

தை மாதம் இயந்திரம் வந்தது. ஊற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, பாறைக்கு மேல் சிமெண்டுத் தொட்டி கட்டி, குழாயை மேலே இழுத்தார்கள். முதல் மாதம் கீழேயும் தண்ணீர் விட்டார்கள். பங்குனியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சித்திரையில் வயல் வெடித்தது. நாங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டடிக் குழாய்க்குப் போக ஆரம்பித்தோம். போகிற வழியில் பெரிய வீட்டு வாசல் இருக்கிறது. பெண்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். யாரும் அவனை வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலாம். பீடி பற்றவைக்க அவன் நீட்டிய நெருப்பை யாரும் வாங்கவில்லை, அவன் வந்து நின்றால் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடும். வைகாசித் திருவிழாவில் சாமி படையலின் முதல் பங்கு எப்போதும் பெரிய வீட்டுக்கு. அந்த வருஷம் பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு காளியண்ணனைத் தாண்டிப் போய்ச் சின்னுசாமியிடம் நீட்டினார். சின்னுசாமி அண்ணன் முகத்தைப் பார்த்தான். வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலைப் பேருந்துக்குக் காளியண்ணன் ஒரு தகரப் பெட்டியோடு நின்றான். நான் பால் கறந்துகொண்டிருந்தவள் அப்படியே ஓடினேன்.

"எங்கடா போற?"

"கீழ போறேன்க்கா. வாரேன்."

"எப்ப வருவ?"

பேருந்து வந்துவிட்டது. அதற்குள் ஆரோக்கியராஜ் வந்து ஏதோ ஒரு புத்தகத்தை அவன் கையில் கொடுக்கப் பார்த்தார். அவன் வாங்கவில்லை. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றினான்.

வாசகர் வட்டம் இன்னும் நடக்கிறது. உரக்க வாசிக்க ஆள் இல்லாததால் நான் போவதில்லை. செந்தில்நாதனின் வெள்ளைக் கார் வாரம் இரண்டு முறை என் வீட்டைத் தாண்டிப் போகும். நிற்காது. ஒரே ஒரு முறை ஹார்ன் அடிக்கும். இப்போது அவர் அடுத்த ஊரில் ஒரு கிழவி வீட்டில் உட்கார்ந்து பழங்கதை கேட்கிறார் என்று சொன்னார்கள். நான் அந்தக் கிழவிக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். "அவரு நல்ல மனுசருங்க, என்னை அம்மாயின்னு கூப்புடறாரு" என்று பதில் வந்தது.

காளியண்ணன் இப்போது முள்ளுக்குறிச்சிக்குக் கிழக்கே ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் போடுகிற வேலையில் இருக்கிறான். பண்ணைக்குப் பின்னால் ஒரு அறையில் வடக்கத்திப் பையன்கள் இரண்டு பேரோடு தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்கப் போகிறான். மலைக்கு வரவில்லை.